வீடு சேர்ந்ததும் பச்சை

ரொறன்ரோவில் ஒரு மனிதர் தன் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேநீர் குடித்து, செய்தி பார்த்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பலாம். அதனால் அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று ஆகாது. கலர் அண்ணையின் கணினித் திரையில் அவருடைய பெயர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறினால்தான் அவர் வீடு சேர்ந்தவர். அதுவரை அவர் வழியில் நிற்கிறார். இந்த விஷயத்தில் கலர் அண்ணையோடு வாதாடி வென்ற ஒருவரையும் நான் கண்டதில்லை. நான் நான்கு தடவை வாதாடி நான்கு தடவையும் தோற்றவன்.

வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு பல்வைத்தியருக்கும் ஒரு மரக்கறிக் கடைக்கும் நடுவில் எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கத்தவர்கள் முப்பத்தொரு பேர். கதிரைகள் இருபத்தெட்டு. முப்பத்தொரு பேரும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்று நான் மூன்று பொதுக்கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். "வரட்டும், பாப்பம்" என்பது மூன்று தடவையும் கிடைத்த பதில். அந்த அறையின் மூலையில்தான் கலர் அண்ணை இருந்தார். அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன். ஆனாலும் அவர் என்னை அண்ணை என்பார், நானும் அவரை அண்ணை என்பேன். தம்பி யார் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அவருக்கு ஒரே வேலை. இயந்திரங்களின் தலையில் எரியும் விளக்குகளைப் பார்ப்பது. பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் திணறுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு விளக்கில்லாமல் அந்தரித்துப் போனார். பஸ் தரிப்பிடத்தில் நின்று வீதிச் சமிக்ஞை விளக்குகளைப் பார்த்து, "பச்சை இருவது செக்கன்தான் குடுக்கிறாங்கள், காணாது" என்று தெரியாத ஆட்களிடம் முறையிடுவார்.

அப்படி இருக்கையில் ஒரு தை மாதம், எங்கள் சங்கத்து அன்ரி ஒருவர் வீடு போகும் வழியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து, நாற்பது நிமிடம் ஒரு வேலியைப் பிடித்தபடி நிலத்திலேயே இருந்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு சங்கத்தில் ஒரு விதி வந்தது. வீடு போனதும் சங்கத்துத் தொலைபேசிக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணவேண்டும். இது எங்கள் ஆட்களுக்குப் பழகிய சங்கதி. தொலைபேசிக்குக் காசு அழுத காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஒரு ரிங் என்றால் சுகமாய்ச் சேர்ந்தாயிற்று. எடுக்கக்கூடாது. யாராவது தவறி எடுத்துவிட்டால், "ஏன் எடுத்தனீங்கள்? ரிங்குக்குத்தானே அடிச்சனான்" என்று மறுமுனையில் ஏச்சு விழும்.

தொலைபேசியில் தெரியும் இலக்கத்தைப் பார்த்துக் கடதாசியில் பெயருக்கு நேரே சரி போடும் வேலையைக் கலர் அண்ணை ஏற்றுக்கொண்டார். இரண்டு கிழமைதான். கடதாசியில் விளக்கு எரியாதே! பல்வைத்தியர் கழித்துவிட்ட ஒரு பழைய மேசைக் கணினியைச் சுமந்துகொண்டு வந்தார். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, ஆறு தடவை தவணை நீட்டி, தன் பாட்டில் புரோகிராம் எழுதப் பழகினார். திரை முழுக்க முப்பது பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு சின்னப் பெட்டிக்குள்.

"உதுக்குப் பேர் லேபிள் அண்ணை," என்று எனக்குக் காட்டினார். "லேபிளுக்கு ரெண்டே ரெண்டு சங்கதிதான் தெரியும். என்ன எழுத்து, என்ன நிறம். ஆள் வெளிக்கிட்டாச் சிவப்பு. ரிங் வந்தாப் பேரிலை ஒரு தட்டு, பச்சை."

"பேப்பரிலை பென்சிலாலை செய்யேலாததை உது என்ன செய்யுது?"

"பேப்பர் உங்களைப் பாத்துக்கொண்டிருக்காது அண்ணை."

வெள்ளோட்டம் ஒரு புதன்கிழமை நடந்தது. பரீட்சார்த்தமாக ஒரு பட்டனை அழுத்தினால், செக்கனுக்கு ஒன்றாக முப்பது பெயர்களும் வரிசையாகப் பச்சையாகவேண்டும். கலர் அண்ணை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. திரை வெளிறிப்போய் அப்படியே உறைந்துவிட்டது. எங்கள் தலைவர் இப்படிப்பட்ட தருணங்களுக்காகவே பிறந்தவர். உடனே திரைக்கு முன்னால் வந்து நின்று, "அன்பர்களே, இயந்திரம் மனிதனுக்கு ஈடாகாது" என்று தொடங்கினார். அவர் பேசிக்கொண்டிருக்க, முப்பதாவது செக்கனில் அவருக்குப் பின்னால் முப்பது பெயர்களும் பளீரென்று ஒன்றாகப் பச்சையாகின. சனம் கைதட்டியது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்த தலைவர் மேலும் நான்கு நிமிடம் பேசினார்.

இரண்டு நாள் கழித்துக் கலர் அண்ணை காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "பிழை என்ரதான். ஒரு பேரை மாத்து, ஒரு செக்கன் பொறு, அடுத்ததை மாத்து எண்டு எழுதினனான். அது நான் சொன்னபடி பொறுத்திருக்கு. பொறுக்கேக்கை, திரைக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையையும் விட்டிட்டுப் பொறுத்திருக்கு. பேர் எல்லாம் மாறினது அதுக்குத் தெரியும். எங்களுக்குக் காட்டத்தான் அதுக்கு நேரம் கிடைக்கேல்லை. பொறு எண்டு சொல்லக்கூடாது அண்ணை. போய் உன்ர வேலையைப் பார், ஒரு செக்கன் கழிச்சு வா எண்டு சொல்லவேணும்."

அடுத்தது நிறப் பிரச்சினை. கணினியில் எத்தனை நிறம் என்று கேட்டேன். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு என்றார். அன்றுதான் அவர்மேல் எனக்கு முதல்முதலாக மரியாதை வந்தது. ஆனால் அத்தனையிலும் அவருக்குப் பிடித்த பச்சை இருக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி வந்து திரையோடு பிடித்துப் பார்த்தார். பிறகு வெண்டிக்காய். பிறகு பச்சை மிளகாய். பதினோராவது பச்சையில் திருப்தியானார். அந்தக் கிழமை முழுதும் சங்கத்துச் சமையலில் வெண்டிக்காய்தான்.

சிவப்பை ரீச்சர் அன்ரி ஏற்கவில்லை. அவர் முப்பத்துமூன்று வருடம் படிப்பித்தவர்.

"எத்தினை பிள்ளையளின்ர பிழைக்குச் சிவப்பு அடிச்சிருப்பன். கடைசியிலை என்ர பேருக்கே சிவப்போ?"

"பிழை எண்டில்லை ரீச்சர். வழியிலை நிக்கிறியள் எண்டு."

"நான் ஏன் வழியிலை நிக்கிறன்? பஸ்ஸிலை இருக்கிறன்."

மன்னார் அங்கிளுக்கோ வேறு முறைப்பாடு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிறந்த நாள் தொட்டு ஒன்றுதான். "எனக்கு ரெண்டும் ஒரு மண் கலர்தான் ராசா. நான் வீட்டை போயிட்டனா இல்லையா எண்டு எனக்கே விளங்கேல்லை" என்றார். கலர் அண்ணை இரண்டு நாள் சாப்பாடில்லாமல் யோசித்து, பேரப்பிள்ளை பிறந்த செய்தி சொல்பவரைப்போல ஓடி வந்தார். நிறத்தோடு எழுத்தும் மாறவேண்டும்! பெயருக்குக் கீழே சிவப்பில் 'வழியில்' என்றும், பச்சையில் 'வீட்டில்' என்றும் வரும். எழுத்தை மாற்றும் வரியை எழுதிய உற்சாகத்தில் நிறத்தை மாற்றும் வரியை அழித்துவிட்டார். அன்று முழுதும் எல்லோரும் சிவப்பில் 'வீட்டில்' இருந்தார்கள்.

"வீட்டை போயும் பெயிலோ?" என்று கேட்டார் ரீச்சர் அன்ரி.

இதுவரைக்கும் சேதம் இல்லை. சேதம் சாம்பல் நிறத்தால் வந்தது. தபால் கந்தோரில் வேலை பார்த்தபடியால் தபால் அண்ணை என்று எங்களிடம் பெயர் பெற்றவர், மகளைப் பார்க்க ஐந்து நாள் மொன்றியல் போனார். ஊரில் இல்லாதவர் வழியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஆகவே கலர் அண்ணை அவருடைய பெயருக்குக் கீழே எழுத்தை எடுத்துவிட்டு, பெயரைச் சாம்பல் நிறமாக்கி, தனித்துத் தெரியட்டும் என்று சுற்றிவர மெல்லிய கறுப்புக் கோடும் போட்டார். கணினித் திரை தெருவைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் சனத்துக்குக் கறுப்புக் கோட்டுக்குள் பெயர் வந்தால் ஒரே அர்த்தம்தான். மரக்கறிக் கடைக்கு வந்த ஒருவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

பின்னேரம் நான்கு மணிக்குள் தபால் அண்ணையின் வீட்டுக்கு முன்னால் ஒன்பது கார்கள். செத்தவீட்டில் அடுப்பெரியாது என்பதால் மூன்று தட்டு இடியப்பம், இரண்டு வாளி சொதி, ஒரு தட்டு சம்பல். இவை வந்து சேருமுன்னமே ஒரு பழைய சிநேகிதர் தபால் அண்ணையின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்திருந்தார்.

"அக்கா, கேள்விப்பட்டன். எப்ப எடுக்கிறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தம்பி. ரெயின் ஸ்ரேசனிலை போய் எடுக்கிறம்."

சிநேகிதர், "ரெயினிலையோ கொண்டுவாறாங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

ஞாயிறு மாலை உயிரோடு வந்திறங்கிய தபால் அண்ணை, மிஞ்சியிருந்த இடியப்பத்தை இரண்டு நாள் சாப்பிட்டார். "என்ர செத்தவீட்டுச் சாப்பாட்டை நானே திண்டு பாத்தனான். ஆருக்குக் கிடைக்கும் உந்தக் குடுப்பினை? சொதி திறம்" என்று சங்கத்தில் வந்து சொன்னார். அவர் கோபிக்கவில்லை. தலைவர் கோபித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் என்றும், கணினியை வைத்திருப்பதா அகற்றுவதா என்று அங்கு வாக்கெடுப்பு நடக்கும் என்றும் அறிவித்தார்.

அகற்றவேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ஒன்பது காரணங்கள், இலக்கமிட்டு. மூன்றாவது, பச்சை காலை வெயிலில் ஒரு விதமாகவும் மாலை வெயிலில் வேறு விதமாகவும் தெரிகிறது. ஆறாவது, என் பெயர் நீளம் என்பதால் எழுத்து மற்றவர்களுடையதைவிடச் சிறிது. ஒன்பதாவதுதான் உண்மையான காரணம். ஒருவன் வீட்டுக்குப் போனானா இல்லையா என்பது அவனுடைய சொந்த விஷயம் என்று எழுதியிருந்தேன். மனைவி போய் நான்கு வருடமாக நான் தனியாக இருக்கிறேன். எண்ணுவது என்னுடைய வேலை. என்னை இன்னொருவர் எண்ணிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கலர் அண்ணை என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். முழங்கால் நோவுக்காரர், குந்தவே கூடாது.

"அண்ணை, எட்டையும் திருத்துறன். உங்கட எழுத்தைப் பெருப்பிச்சு விடுறன். பலகையை மட்டும் எடுக்கச் சொல்லாதேங்கோ. அதில்லாட்டி நான் இஞ்சை வந்து என்னத்தைப் பாக்கிறது?"

"ஒன்பதாவது?"

அவர் கதிரையைப் பிடித்து எழுந்து போய்விட்டார்.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் வியாழக்கிழமை. காலையிலிருந்தே பனி கொட்டியது. இரண்டரை மணிக்குச் சங்கத்தை மூடி, ரிங் பார்க்கும் கலர் அண்ணையைத் தவிர எல்லோரையும் அனுப்பினார்கள். எட்டு நிமிட நடையில் இருக்கும் என் வீட்டுக்கு அன்று இருபத்தொரு நிமிடம் எடுத்தது. வந்தேன். ரிங் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். மறக்கவில்லை.

மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. சங்கத்து இலக்கம். எட்டுத் தடவை அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எட்டு. மொத்தம் ஆறு அழைப்புகள், நாற்பத்தெட்டு ரிங். நான் எடுக்கவில்லை. நாளைக்கு இதையே பத்தாவது காரணமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கலர் அண்ணை. தொப்பியில், தோளில், புருவத்தில் பனி. மூச்சு வாங்கியது. எங்கள் கட்டடத்தில் அன்று லிப்ற் வேலை செய்யவில்லை. என் வீடு ஏழாம் மாடி. நூற்றெட்டுப் படிகள்.

"இருக்கிறியளோ?" என்றார்.

"ஓம், இருக்கிறன்."

"அப்ப சரி." திரும்பிப் படிப்பக்கம் நடந்தார்.

"நில்லுங்கோ அண்ணை! உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"நேரமில்லை. போய்க் கலரை மாத்தவேணும்."

"இந்தப் பனிக்குள்ளை திரும்பச் சங்கத்துக்கோ? நாளைக்கு மாத்தலாந்தானே?"

"நாளைக்கு மாத்தினா நாளைக்குத்தான் நீங்கள் வீட்டை வந்தது எண்டு இருக்கும். இரவு முழுக்க உங்களை வழியிலை விட்டிட்டு நான் எப்பிடிப் போய்ப் படுக்கிறது?"

அப்போதுதான் எனக்கு, எப்போதோ கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று வந்தது. திரையில் முப்பது பெயர். நாங்கள் முப்பத்தொரு பேர். அந்த ஒரு குறையை நான் எப்படி எண்ணாமல் விட்டேன்?

"நீங்கள் வீட்டை போய்ச் சேர்ந்தா ஆருக்கு ரிங் குடுப்பியள்?"

அவர் படிக் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். அவருடைய மகன்மார் இருவரும் கல்கரியில். இங்கே ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் அவர் தனி.

"நான்தானே அண்ணை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிறன். நான் வெளிக்கிட்டாப் பிறகு அங்கை ஆர் இருக்கினம், தட்டி மாத்த? மாத்த ஆளில்லாத லேபிளைப் போட்டு என்ன பிரயோசனம்?" இதில் வருத்தம் எதுவும் இல்லை. வெறும் தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்பவரைப்போலத்தான் சொன்னார். பிறகு நூற்றெட்டுப் படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கிப் போனார். எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஆறுக்கு இருபது நிமிடம் இருக்க, சங்கத்து இலக்கத்திலிருந்து என் தொலைபேசி ஒரு தடவை அடித்து நின்றது. நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கே அறிவித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். தலைவர் என் கடிதத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நான் எழுந்து, ஒன்பதையும் வாபஸ் வாங்குகிறேன் என்றேன். கணினி இருக்கவேண்டும், அதில் முப்பத்தோராவது பெயராகக் கலர் அண்ணையின் பெயரும் வரவேண்டும் என்று ஒரு பிரேரணை கொடுத்தேன். ரீச்சர் அன்ரி வழிமொழிந்தார். கை உயர்த்தச் சொன்னார்கள். நான்தான் எண்ணினேன். ஆதரவாகப் பத்தொன்பது. எதிராக ஏழு.

அந்த ஏழில் ஒன்று கலர் அண்ணையின் கை.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்று கத்திவிட்டேன்.

"நடைமுறைக்குச் சரிவராது. கடைசியாப் போறவன் நான். நான் போனாப் பிறகு என்ர பேரை ஆர் பச்சையாக்கிறது? காலமை வந்து பாத்தா நான் இரவு முழுக்கச் சிவப்பிலை நிண்டிருப்பன். பிழையான தகவல்."

பிரேரணை நிறைவேறிவிட்டதால் அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. மூன்று நாள் கழித்து, நடைமுறைக்குச் சரிவரும் ஒரே வழி இதுதான் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அன்று லிப்ற் வேலை செய்தது. என் மகன் எனக்குத் தந்துவிட்டுப் போன கணினியில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்துவைத்தார். அதற்குள் ஒரேயொரு லேபிள். அதில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. ஏழு வருடப் பழக்கத்தில் அன்றுதான் அதை எழுத்தில் பார்த்தேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு ஒரு ரிங் வரும். நான் பெயரில் ஒரு தட்டுத் தட்டுவேன், பச்சையாகும். ஒரு நாள் கைதவறி இரண்டு தட்டுத் தட்டியதில் மறுபடியும் சிவப்பாகிவிட்டது. அவர் மறுபடி வெளிக்கிட்டுவிட்டாரோ என்று பதறித் தொலைபேசி எடுத்தேன். "ஏன் அடிக்கிறியள்? நான் ரிங் குடுத்தனான்தானே!" என்று ஏசினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மகன்மார் வந்து அவரைக் கல்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சங்கத்துப் பலகையை இப்போது ரீச்சர் அன்ரி பார்க்கிறார். சிவப்பை எடுத்துவிட்டு ஊதா போட்டிருக்கிறார். என் வீட்டுப் பெட்டியில் மாற்றமில்லை. கலர் அண்ணை அங்கே ஒரு நூலகத்துக்குப் போகிறாராம். அவர் காலையில் வெளிக்கிடும்போது ஒரு ரிங் வரும், நான் சிவப்பாக்குவேன். ஐந்தரைக்கு வீடு வந்ததும் ஒரு ரிங். அவருடைய ஐந்தரை எங்களுக்கு ஏழரை. கோடையிலும் மாரியிலும் அந்த இரண்டு மணித்தியாலம் மாறுவதில்லை.

நான் நாற்பது வருடமாக ஆறு மணிக்கு இராச்சாப்பாடு சாப்பிட்டவன். இப்போது ஏழரை தாண்டுகிறது. இந்த வயதில் அவ்வளவு பிந்திச் சாப்பிடுவது வயிற்றுக்குக் கூடாது என்று என் இளம் வைத்தியர் மூன்று தடவை எச்சரித்துவிட்டார், காரணமும் கேட்டார். பெயர் சிவப்பில் நிற்கும்போது எனக்குச் சோறு இறங்காது என்பதை அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.